ஐஸ் பெட்டிக்குள் கூலிங் பிளேட்: தங்குகடல் போகும் படகுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருநெல்வேலிக் கடற்கரையில் இருக்கும் உவரியில் என் அத்தானுக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. உள்ளே டீசல் எஞ்சின், நடுவில் ஐஸ் பெட்டி. ஒரு நாள் கரையில் நின்றபடி, பெட்டிக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காட்டிக் கேட்டார்: "மாப்ள, இது தண்ணி இல்லடே, ரூவா. நீ ஊரெல்லாம் பிரிட்ஜ் மாட்டுத, இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?"

நான் வள்ளியூரில் பிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக். வீட்டு வேலையில் கற்றதை வைத்து அந்தப் படகின் ஐஸ் பெட்டிக்குள் முதன்முதலாகக் கூலிங் பிளேட் (கம்ப்ரஸர் ஓடும்போது உள்ளே கேஸ் ஓடிக் குளிரும் உலோகத் தகடு) மாட்டியதில் பாதிக்கு மேல் தப்பு. பிரித்து மறுபடி மாட்டினேன். அதன் பிறகு உவரி, இடிந்தகரை பக்கம் சில படகுகளில் செய்து பார்த்து, இப்போது எப்படிச் செய்கிறேனோ அதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

பிளேட் எதற்கு, எதற்கு இல்லை

இதைப் புரிந்துகொள்ளாமல் ஸ்பானரை எடுக்க வேண்டாம். பிளேட்டின் வேலை மீனைக் குளிரவைப்பது இல்லை. மீனைக் குளிரவைப்பது ஐஸ். வெளியிலிருந்து பெட்டிச் சுவர் வழியாக உள்ளே வரும் சூட்டை, அது ஐஸைத் தொடுவதற்கு முன்னால் பிடித்து வெளியே தள்ளுவதுதான் பிளேட்டின் வேலை. ஐஸுக்கு அது காவல்காரன்.

கணக்குப் போட்டால் தெரியும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் சூட்டை விழுங்குகிறது. 28 டிகிரி கடல் தண்ணீரிலிருந்து வந்த 100 கிலோ சூரை மீனைப் பூஜ்யம் டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 10,000 கிலோஜூலை எடுக்க வேண்டும். அதற்கு 30 கிலோ ஐஸ் போதும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே வேலையைச் சின்ன கம்ப்ரஸரிடம் கொடுத்தால், பெட்டிச் சுவரின் சூட்டைச் சமாளித்தது போக மிஞ்சும் 40 வாட்டை வைத்து அதற்கு 70 மணி நேரம் ஆகும். மூன்று நாள் கழித்துக் குளிர்ந்த மீனை ஏலத்தில் யார் கேட்பார்கள்?

இன்னொரு விஷயமும் உண்டு. பிளேட் இருக்கிறதே என்று பெட்டியை மைனஸுக்கு இறக்கக் கூடாது. மீன் தசை ஏறத்தாழ மைனஸ் 1 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மெதுவாக உறைந்தால் தசைக்குள் பெரிய பெரிய படிகங்கள் உண்டாகி, கரையில் இளகும்போது தண்ணீர் விட்டு மீன் தொளதொளவென்று ஆகிவிடும். ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாக உருகி மீன் மேல் வழிவதே நல்லது. அந்தத் தண்ணீர்தான் ரத்தத்தையும் வழுவழுப்பையும் கழுவிக்கொண்டு போகும், சூட்டையும் சீக்கிரம் இழுக்கும். பெட்டிக் காற்று பிளஸ் 1 முதல் 3 டிகிரி வரை இருந்தால் சரி.

காலையில் போய் மதியத்துக்குள் திரும்பும் சாளை வள்ளத்துக்கு இது தேவையே இல்லை, அந்தக் காசை வலைக்குப் போடுங்கள். இரண்டு ராத்திரிக்கு மேல் கடலில் கிடக்கும் தங்குகடல் படகுக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

முதலில் ஒரு வாளி

பிளேட் வாங்கக் கடைக்குப் போகும் முன் பெட்டியின் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மீட்டர் எதுவும் வேண்டாம், ஒரு வாளி போதும்.

மீன் இல்லாத பெட்டியில் பாதி அளவுக்கு ஐஸ் போட்டு மூடுங்கள். முதல் நாள் வடியும் தண்ணீரை விட்டுவிடுங்கள், அது பெட்டிச் சுவரே குளிர்வதற்குச் செலவான ஐஸ். இரண்டாம் நாள் காலை 6 மணிக்குக் குழாயின் கீழே வாளியை வைத்து, மறுநாள் 6 மணி வரை வடிந்ததை அளந்து எழுதுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ ஐஸ். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வடிந்தால் சுவர் வழியாக இடைவிடாமல் 3.9 வாட் சூடு நுழைகிறது என்று அர்த்தம். அத்தான் பெட்டியில் ஒழுகலை எல்லாம் அடைத்த பிறகு 20 லிட்டர் வந்தது. அதாவது 77 வாட். அடைப்பதற்கு முன் வந்ததை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

விசைப்படகுகளுக்கு நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். வேலைக்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது. படகு கரையில் நிற்கும், அக்கினி வெயிலும் அப்போதுதான். மே மாதத்து வாளிக் கணக்குக்குப் பிளேட் மாட்டிவிட்டால் கார்த்திகையில் அது பாதி நேரம் தூங்கும்.

பெட்டியைச் சரிசெய்வது

கூலிங் வேலையில் முக்கால் பங்கு பெட்டியில்தான். பிளேட், கம்ப்ரஸர் எல்லாம் மிச்சக் கால் பங்குதான். அவசரக்காரர்கள் இங்கேதான் தாண்டிப் போய்விடுவார்கள்.

உள்ளளவு 1.2 மீட்டர் நீளம், 80 செ.மீ. அகலம், 70 செ.மீ. ஆழம் என்று ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு ஏறத்தாழ 670 லிட்டர், உள்சுவர்ப் பரப்பு 4.7 சதுர மீட்டர். வெளியே 34 டிகிரி, உள்ளே 2 டிகிரி. சுவருக்குள் 50 மி.மீ. பஃப் (சூட்டைத் தடுக்கும் பாலியூரித்தேன் நுரை) இருந்தால் 75 வாட் நுழையும். 75 மி.மீ. என்றால் 50 வாட், 100 மி.மீ. என்றால் 38 வாட். மூடி திறப்பது, ஓரத்தில் கசிவது என்று மேலே ஒரு பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். பஃப் தடிமனை இரட்டிப்பாக்கினால் சுவர் வழியாக வரும் சூடு பாதியாகும். இந்த விலைக்கு எந்த கம்ப்ரஸரும் இவ்வளவு செய்யாது.

இது பஃப் காய்ந்திருக்கும்போதுதான். பழைய பெட்டியின் உள்தோலில் எங்காவது வெடிப்பு விழுந்து தண்ணீர் இறங்கியிருக்கும். பஃப் சூட்டைக் கடத்துவதைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கும் மேல் கடத்தும். தட்டிப் பாருங்கள்: காய்ந்த இடம் "டொக் டொக்" என்னும், ஊறிய இடம் மொத்தையாகச் சத்தம் போடும். சந்தேகம் இருந்தால் 6 மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டை போட்டு, பிட்டில் ஒட்டி வரும் துகளைக் கசக்கிப் பாருங்கள். ஈரம் என்றால் அந்தப் பக்கத் தோலை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். ஊறிய பஃப் தானாகக் காயாது. பழைய பெட்டிகள் சிலவற்றில் தெர்மாகோல் இருக்கும், அதுவும் தண்ணீர் குடிக்கும்.

இரண்டு டப்பாவாக வரும் பஃப் திரவத்தைக் கலந்து ஊற்றும்போது பேராசை வேண்டாம். ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் உள்ளே சூடு ஏறி நடுவில் கருகும், சுவரும் வயிறு தள்ளும். கொஞ்சம் ஊற்றி, பொங்கி அடங்கியபின் அடுத்தது. எஞ்சின் பக்கத்துச் சுவருக்கு மற்ற பக்கத்தைவிட 25 மி.மீ. கூடுதலாகக் கொடுங்கள்.

மூடிக்கு நோட்டுச் சோதனை. பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கு இடையில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுகப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் இப்படிப் பாருங்கள். உருவிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பரை மாற்றுங்கள். முடிந்தால் இரட்டை ரப்பர் போடுங்கள்.

தண்ணீர் வடியும் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே கீழே இறங்கும். குழாய் நேராகத் திறந்திருந்தால் நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று இரவும் பகலும் வடிந்துகொண்டே இருக்கும். வீட்டு வாஷ்பேசினுக்குக் கீழே இருப்பதுபோல ஒரு வளைவு வையுங்கள். வளைவில் நிற்கும் தண்ணீர் காற்றுக்குத் தாழ்ப்பாள். மீன் செதில் அடைக்கும் என்பதால் கழற்றிக் கழுவுகிற மாதிரி மாட்டுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் வாளியை மறுபடி வையுங்கள். அப்போது வரும் கணக்குக்குத்தான் பிளேட்.

எந்த பிளேட், எவ்வளவு பெரியது

கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, அலுமினியத் தகடு இரண்டை ஒட்டி, நடுவில் கேஸ் ஓடும் வாய்க்காலை ஊதிப் புடைக்கவைத்தது. வீட்டுப் பிரிட்ஜின் பழைய ஃப்ரீஸர் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். லேசானது, மலிவானது, பேட்டரி கம்ப்ரஸருக்குப் பொருத்தம். இன்னொன்று, ஸ்டீல் தொட்டிக்குள் சுருள் குழாயும், உறையும் உப்புக் கரைசலும் அடைத்தது. எஞ்சின் ஓடும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதை உறையவைத்துவிட்டு, பிறகு நாள் முழுக்க அது இளகிக் குளிர் கொடுக்கும். பெரிய படகில், எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பெரிய கம்ப்ரஸரோடு அது நன்றாக வேலை செய்யும். 700 லிட்டர் பெட்டிக்கு அது யானைக்கு வாங்கிய அங்குசத்தை ஆட்டுக்குப் போடுவது. இனிமேல் நான் சொல்வதெல்லாம் அலுமினிய பிளேட்டுக்கு.

77 வாட் சூட்டை, கம்ப்ரஸர் ஒரு நாளில் 16 மணி நேரம் ஓடிச் சமாளிக்க வேண்டும் என்று வையுங்கள். ஓடும்போது அது 116 வாட் இழுக்க வேண்டும். பிளேட் மைனஸ் 10, பெட்டிக் காற்று பிளஸ் 3 என்றால் வித்தியாசம் 13 டிகிரி. ஃபேன் இல்லாத பெட்டியில், சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரிக்குச் சுமார் 6 வாட் இழுக்கும். ஆக 1.5 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். பிளேட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் கணக்கு. 90 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவில் இரண்டு பிளேட் போட்டால் சரியாக வரும்.

பின்பக்கமும் கணக்கு என்பதைக் கவனியுங்கள். சுவரோடு ஒட்டி மாட்டினால் பாதி பிளேட்டை வீணாக்கிவிட்டீர்கள். என் முதல் தப்பு அதுதான்.

வெறும் அலுமினியத்தை வாங்காதீர்கள். மீன் ரத்தமும் உப்புத் தண்ணீரும் ஒரு கச்சான் (மேற்குக் காற்று) சீசனுக்குள் அதைப் பொட்டுப் பொட்டாக அரித்துவிடும். எபாக்ஸி பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். அதைவிட ஆபத்தான இடம், செம்புக் குழாய் அலுமினியத்தோடு சேரும் மூட்டு. இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம் தேய்ந்துகொண்டே போகும். அந்த மூட்டின் மேல் உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுச் சுருக்கி, மேலே எபாக்ஸி தடவுங்கள். சின்னச் செலவுதான். பிளேட்டின் ஆயுள் அதில் இருக்கிறது.

கம்ப்ரஸர் எங்கே

இந்த அளவுக்கு 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் போதும். டேன்ஃபாஸ் பெயரில் வந்து இப்போது செகாப் பெயரில் வரும் பி.டி.35, பி.டி.50 இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை, ஆர்134ஏ கேஸில் ஓடுபவை. மேலே சொன்ன கணக்குக்கு நான் பி.டி.50 வைப்பேன்.

எஞ்சின் ரூமில் இடம் இருக்கிறது என்று அங்கே வைத்துவிடாதீர்கள். கம்ப்ரஸரோடு சேர்ந்த கண்டன்சர், பெட்டியிலிருந்து இழுத்த சூட்டைக் காற்றில் விட வேண்டும். காற்றே 50 டிகிரி என்றால் எங்கே விடும்? அலைத் தண்ணீர் தெறிக்காத, காற்றோட்டமான இடம் வேண்டும். ஓட்டி உட்காரும் அறையின் பலகைக்கு அடியில் பெரும்பாலும் கிடைக்கும். கீழே ஒரு காற்று வழி, மேலே ஒரு காற்று வழி. இரண்டும் கண்டன்சரின் முகப்பு அளவுக்காவது இருக்கட்டும். ஃபேன் வெளியே தள்ளிய சூட்டுக் காற்றே சுற்றி மறுபடி உள்ளே வராதபடி நடுவில் ஒரு தடுப்பு வையுங்கள்.

பெட்டிக்கும் கம்ப்ரஸருக்கும் இடையே தூரம் குறைவாக இருப்பது நல்லது. பிளேட்டோடு வந்த குழாய் நீளமாக இருந்தால் வெட்டாதீர்கள், அகலமாகச் சுருட்டிக் கட்டி வையுங்கள்.

மாட்டும் முறை

முதலில் அட்டை. பிளேட் அளவுக்கு அட்டை வெட்டி, பெட்டிக்குள் ஒட்டி, அத்தானையோ யார் ஐஸ் உடைக்கிறார்களோ அவர்களையோ கூப்பிட்டு வேலை செய்துகாட்டச் சொல்லுங்கள். பார் ஐஸ் எந்தப் பக்கமிருந்து இறங்குகிறது, மண்வெட்டி எங்கே இடிக்கிறது, மீனை அள்ள எவன் தலையை விடுகிறான் என்று பாருங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. பிளேட்டைச் சுவரின் கீழ்ப்பாதியில் அழகாக மாட்டிவிட்டு வந்தேன். கச்சான் காற்றில் படகு ஆடிய ஆட்டத்தில் ஐஸ் பார் ஒன்று சறுக்கிப் போய் பிளேட்டில் மோதியது. இரண்டாம் நாள் கடலில் கேஸ் முழுக்க வெளியே.

மேலே மாட்டுவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. குளிர்ந்த காற்று இறங்கும் என்று சொன்னேன் அல்லவா? பிளேட் உயரத்தில் இருந்தால் அதைத் தொட்ட காற்று தானாக இறங்கி, சூடான காற்று மேலே போய் அதைத் தொடும். ஃபேன் இல்லாமலே சுழற்சி கிடைக்கும். மூடி வழியாக நுழையும் சூட்டை முதலில் பிடிப்பதும் மேலே இருக்கும் பிளேட்தான். எதிரெதிர்ச் சுவர்களின் மேல்பாதியில் இரண்டு பிளேட். மூடியில் மாட்டாதீர்கள், திறந்து மூடும்போது குழாய் களைத்து முறியும்.

பஃபில் திருகு நிற்காது. உள்தோலின் பின்னால் பிடிமானம் வேண்டும். பெட்டியைப் பிரித்திருக்கும்போதே மரைன் பிளைவுட் துண்டுகளை ரெசின் பூசி உள்தோலோடு ஃபைபர் மேட் வைத்து ஒட்டிவிடுங்கள். பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால், உள்பக்கமே 12 மி.மீ. ஃபைபர் பட்டைகளை எபாக்ஸியில் ஒட்டி, அதில் திருகலாம். திருகுகள் 316 ஸ்டெயின்லெஸ். ஒவ்வொரு ஓட்டையிலும் சீலண்ட், ஒன்றைக்கூட விடாமல். அந்த ஓட்டை வழியாகத்தான் அடுத்த வருஷம் பஃப் ஊறும்.

பிளேட்டுக்கும் சுவருக்கும் இடையே 20 முதல் 25 மி.மீ. நைலான் புஷ் வையுங்கள். பிளேட்டில் திருகுக்கான இடங்கள் குறித்திருக்கும், அங்கே மட்டும் துளையுங்கள். குறியில்லாத பிளேட் என்றால், புடைப்பு இல்லாத தட்டையான ஓரத்தில். வாய்க்காலில் பிட் ஒரு நூல் இறங்கினாலும் அந்த பிளேட் பழைய இரும்புக்காரருக்குத்தான்.

அப்புறம் முன்னால் ஒரு காவல். 40 மி.மீ. அகலத்தில் ஃபைபர் பட்டை அல்லது நைலான் பலகைச் சட்டங்களை ஒரு கை இடைவெளி விட்டு நெடுக மாட்டுங்கள். ஐஸ் மோதினால் சட்டத்தில் மோதட்டும். மேலும் கீழும் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும்.

குழாய் வெளியே போகும் ஓட்டையை, தண்ணீர் எட்டாத உயரத்தில் போடுங்கள். ஓட்டைக்குள் தெரியும் பஃபை ஒரு விரல் ஆழம் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கொண்டு அடைத்து, காய்ந்தபின் நடுவில் மறுபடி துளைத்துக் குழாயை விடுங்கள். இப்போது சுவருக்குள் தண்ணீர் போக வழி இல்லை. குழாயைக் கையால், பெரிய வளைவாக மெதுவாக வளையுங்கள். ஒரு தடவை மடிந்த குழாயை நிமிர்த்தினால் அந்த இடம் பிறகு வெடிக்கும்.

கேஸ் வேலை

கேஸ் அடைத்தே வரும் செட் வாங்கினால் வேலை சுலபம். இரண்டு முனையையும் சுத்தமான துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் கம்ப்ரஸர் ஆயில் ஒரு சொட்டு விட்டு, கையால் நேராகத் திருகி, பிறகு ஸ்பானர். எப்போதும் இரண்டு ஸ்பானர்: ஒன்று அசையாமல் பிடிக்க, ஒன்று திருக. ஒரே ஸ்பானரில் திருகினால் உள்ளே குழாய் முறுக்கிக்கொள்ளும். நடுவில் நிறுத்தி யோசிக்காதீர்கள், தொடங்கினால் இறுக்கி முடியுங்கள். கேஸ் கொஞ்சம் "புஸ்" என்று போகும், பயப்பட வேண்டாம்.

தனித்தனியாக வாங்கி பிரேசிங் (தீயில் உருக்கிப் பற்றவைப்பது) செய்பவர்கள் பெட்டிக்குள் தீயைக் கொண்டுபோக வேண்டாம். பஃப் எரிந்தால் வரும் புகை ஆளைக் கொல்லும். முடிந்த மூட்டுகளை எல்லாம் வெளியே, பட்டறையில் முடித்துவிட்டு, படகில் தீ இல்லாமல் திருகி இணைக்கும் ஃபிளேர் நட் மட்டும் போடுங்கள்.

ஒழுக்குச் சோதனைக்கு நைட்ரஜன், 150 பி.எஸ்.ஐ. வரை. சோப்பு நுரை தடவி ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள், பிறகு ஒரு ராத்திரி அப்படியே விட்டுக் காலையில் கேஜைப் பாருங்கள். நைட்ரஜன் தீர்ந்துவிட்டது என்று பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் வாங்கி அடிக்கவே கூடாது. கம்ப்ரஸர் ஆயிலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் குண்டுதான்.

அடுத்து வேக்கம்: குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது, 500 மைக்ரான் வரை. பம்பை நிறுத்தி அரை மணி நேரம் பார்த்து முள் ஏறவில்லை என்றால் கேஸ் ஏற்றலாம். இந்த கம்ப்ரஸர் ஆயில் கடற்கரைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். குழாய் முனைகளைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஈரத்தைப் பிடிக்கும் ஃபில்டர் டிரையரின் மூடியைக் கடைசியில்தான் பிரிக்க வேண்டும்.

ஆர்134ஏ கேஸை எடைபோட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. கடைசி 10, 10 கிராமுக்கு இடையே கால் மணி நேரம் பொறுங்கள். உறைபனி எங்கே நிற்கிறது என்பதுதான் சாட்சி. பிளேட்டின் தொடக்கத்தில் மட்டும் பனி பிடித்தால் கேஸ் குறைவு. பிளேட் முழுக்க ஒரே சீராகப் பிடித்து, திரும்பிப் போகும் குழாய் பெட்டியை விட்டு வெளியே வரும் இடத்தோடு நின்றால் சரி. கம்ப்ரஸர் வரை குழாயில் பனி வந்தால் அதிகம். தாழ்ந்த பக்க (கம்ப்ரஸருக்குத் திரும்பிப் போகும் குழாயின்) கேஜ் 10 முதல் 14 பி.எஸ்.ஐ. காட்டினால் பிளேட் மைனஸ் 14க்கும் 10க்கும் இடையே இருக்கிறது.

புது வீட்டுப் பிரிட்ஜ்களில் வரும் ஆர்600ஏ கேஸை மலிவு என்று படகில் ஏற்றச் சொல்வார்கள். வேண்டாம். அது சமையல் கேஸ் மாதிரி எரியும், காற்றைவிடக் கனம். ஒழுகினால் படகின் அடியில் தேங்கி நிற்கும், மேலே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

கரண்ட்

77 வாட் சூட்டை வெளியேற்ற கம்ப்ரஸர் சராசரியாக 50 வாட் கரண்ட் தின்னும். 12 வோல்ட்டில் ஒரு நாளைக்கு 100 ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் பேட்டரியைத் தொடாதீர்கள். மீன் குளிர்ந்திருக்கிறது, எஞ்சின் கிளம்பவில்லை என்றால் என்ன பிரயோஜனம்? சார்ஜிங் காயில் இல்லாத அவுட்போர்டு எஞ்சின் என்றால் சோலார்தான் ஒரே வழி. நம் வெயிலுக்கு 350 வாட் பேனல் ஏறத்தாழ ஒரு நாளைச் சமாளிக்கும். எஞ்சினில் ஆல்டர்னேட்டர் இருந்தால் மேகமூட்ட நாளுக்கு அது கைகொடுக்கும்.

வயர் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். நடுவில் லைட்டுக்கு, பம்புக்கு என்று கிளை பிரிக்காதீர்கள். கம்பெனி கையேட்டின்படி 12 வோல்ட்டில் 4 மீட்டர் வரை 4 சதுர மி.மீ. வயர், 6 மீட்டர் வரை 6 சதுர மி.மீ. பேட்டரிப் பக்கத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ், 24 வோல்ட் என்றால் 7.5. ஈயம் பூசிய வயர் கிடைத்தால் வாங்குங்கள். வெறும் செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே பச்சை பூத்துவிடும்.

கம்ப்ரஸரின் எலக்ட்ரானிக் பெட்டியில் ஒரு சின்ன எல்.இ.டி. இணைக்க இடம் இருக்கிறது. தவறாமல் போடுங்கள். ஒரு தடவை கண் சிமிட்டினால் வோல்டேஜ் குறைவு, இரண்டு என்றால் ஃபேன், மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை, ஐந்து என்றால் அதிகச் சூடு. கடலில் நிற்கும் அத்தானிடம் "எத்தனை தடவ சிமிட்டுது?" என்று போனில் கேட்டே நான் பாதி ரிப்பேரை முடித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றுதான், போய்ப் பார்த்தால் வயர் முனையின் லக் துருப்பிடித்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டின் சென்சாரை பிளேட்டில் ஒட்டாமல், பெட்டியின் நடு உயரத்தில், ஐஸ் மூடாத இடத்தில் காற்றில் தொங்கவிடுங்கள். ஒரு ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய்க்குள் விட்டால் அடிபடாது. 2 டிகிரியில் வையுங்கள்.

ஓட்டும்போது

கடலுக்குப் போவதற்கு முந்தின இரவே கம்ப்ரஸரைப் போட்டு, ஒரு கூடை ஐஸும் போட்டு மூடிவிடுங்கள். சுவரைக் குளிரவைக்கும் செலவு கரையிலேயே முடிந்துவிடும். மீன் வந்ததும் அடியில் ஐஸ், மேலே மீன், அதன் மேலே ஐஸ் என்று அடுக்குவது எப்போதும்போலத்தான். மீனின் எடைக்கு எடை ஐஸ் என்ற நம் ஊர்க் கணக்கில் முதல் நாள் கை வைக்காதீர்கள். மிச்சப்படுவது இரண்டாம், மூன்றாம் நாள் உருகுவதற்கென்று கூடுதலாக ஏற்றும் ஐஸ்தான். சீலா, பாறை என்று எந்த மீனாக இருந்தாலும் பிளேட்டைத் தொடக் கூடாது. தொட்ட பக்கம் உறைந்து வெள்ளைத் தழும்பு விழும், வியாபாரி அதைத்தான் முதலில் பார்ப்பார்.

பிளேட்டில் பனி ஒரு பென்சில் தடிமன் ஆனால் கரைக்கு வந்ததும் நிறுத்தி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். கத்தி, ஸ்குரூ டிரைவர், ஐஸ் குத்தும் ஊசி எதுவும் அதன் பக்கத்தில் போகக் கூடாது. என் பட்டறைக்கு வரும் ஃப்ரீஸர்களில் கத்தியால் செத்தவை நிறைய. ஒவ்வொரு தடவை கரை வந்ததும் பிளேட்டையும் காவல் சட்டத்தையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு மறுபடி வாளியை வையுங்கள். அத்தான் பெட்டியில் 20 லிட்டராக இருந்தது 4 லிட்டருக்கு வந்தது. ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் பெட்டி மைனஸுக்குப் போகிறது, தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி ஏற்றுங்கள். அத்தான் மட்டும் இன்னும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னும் சொட்டுதே மாப்ள?"

"சொட்டணும் அத்தான்."